அப்பா எடுத்த முறுக்கு ஆர்டர்

2019 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் அப்பா முறுக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார். இதில் விசேஷம் என்னவென்றால், அவர் காலமாகி அப்போது ஒரு வருஷமும் இரண்டு மாசமும் ஆகியிருந்தது.

பேய்க் கதை இல்லை. பயப்படாமல் மேலே படிக்கலாம்.

காலை ஏழு மணிக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அப்பா வர்றாரு!"

தூக்கக் கலக்கத்தில், "உட்காரச் சொல்லு, இதோ பல் தேச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் சுருக்கென்றது.

"கம்ப்யூட்டர்ல அண்ணா! எனக்குப் போட்டுக் கொடுத்தியே வெப்சைட்டு, அதுல. முறுக்கையும் காணோம், அதிரசத்தையும் காணோம். மாலை போட்ட அப்பா போட்டோதான் வருது. கீழே தோற்றம், மறைவு!"

நடந்தது இது. அவளுக்குத் தெரிந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றிருபது வீடுகள். தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு பட்சணப் பெட்டி கொடுப்பதாக அசோசியேஷனில் முடிவாகி, செகரட்டரியின் மனைவி ஒரு சாம்பிள் பெட்டி வாங்கிப் போயிருக்கிறார். ருசி பிடித்துவிட்டது. வேறு என்னென்ன போடுகிறார்கள் பார்ப்போமே என்று, பெட்டி மேல் ஒட்டியிருந்த வெப்சைட் விலாசத்தை ராத்திரி கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார். வந்தது என் அப்பா. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போன்.

"எப்பம்மா ஆச்சு?"

"எது மேடம்?"

"அதாம்மா... பெரியவர்."

"எந்தப் பெரியவர்? நீங்க ஆர்டர் விஷயமாத்தானே பேசறீங்க?"

"இந்த நேரத்துலகூட ஆர்டர் ஆர்டர்னு பேசற அளவுக்கு உனக்கு என்ன கஷ்டமோ, பாவம்! நீ சிரமப்படாதேம்மா. துக்க வீட்டுல வாணலி வைக்கலாமா? நாங்க வேற இடத்துல பார்த்துக்கறோம்."

நூற்றிருபது பெட்டி. பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். என் தங்கை அன்றைக்குச் சிரிக்கும் நிலைமையில் இல்லை. 2019-ல் மோட்டார் தொழில் படுத்துவிட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வண்டிகள் விற்கவில்லை. கம்பெனிகள் ஷிஃப்டைக் குறைத்தன. காண்ட்ராக்ட் ஆட்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் ஒருவர். நாலு மாசமாக வீட்டில் உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துக்கொண்டிருந்தார். தங்கை வளையலை அடகு வைத்து மூன்று டின் எண்ணெய் வாங்கி, அரிசி களைந்து உலர்த்தி மாவு அரைத்து வைத்திருந்தாள். அந்த மாவு, எண்ணெய் எல்லாம் இந்த நூற்றிருபது பெட்டியை நம்பித்தான்.

வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்த மேதை நான்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். (பிழைக்கிறேன் என்பது கொஞ்சம் மிகை.) கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுண்டிங் காப்பியடித்துவிட்டுப் பிற்பாடு பெங்களூரில் சாஃப்ட்வேருக்குப் போன நண்பன் போனில் சொல்லிக் கொடுத்தது. அவன்தான் அப்பாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு ஒரு வெப்சைட் போட்டுத் தந்தான். அப்பாவின் போட்டோ, அவர் எழுதிய நாலு கடிதம், அவரைப் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரை. அவ்வளவுதான் அதில். மாசம் முன்னூற்றைம்பது ரூபாய் வாடகைக்கு ஒரு சர்வர்.

சர்வர் என்றால் சாம்பார் வாளியோடு வருகிறவர் இல்லை. எங்கேயோ ஒரு கட்டிடத்தில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். கேட்பவர்களுக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பதற்கு அதில் ஒரு புரோகிராம். பெயர் அப்பாச்சி. 1995-லிருந்து இருக்கிறது. பைசா கிடையாது, இலவசம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அப்பாச்சி என்றால் அப்பாவைப் பெற்ற அம்மா. அதனாலோ என்னவோ, என் அப்பா மேல் அதற்குத் தனி வாஞ்சை இருந்திருக்கிறது.

மாசம் முன்னூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரே ஒரு வெப்சைட்டா என்று மனசு கேட்கவில்லை. அதே சர்வரில் தங்கையின் கடையையும் குடிவைத்தேன். இதற்குப் பெயர் விர்ச்சுவல் ஹோஸ்ட். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இது புதிதே இல்லை.

நாங்கள் இருந்தது அங்கே ஒரு ஸ்டோரில். எட்டு போர்ஷன், ஒரு வாசல், ஒரு குழாய், ஒரே கதவு நம்பர். தபால்காரர் கதவு நம்பரைப் பார்த்து உள்ளே வருவார். அப்புறம் கவர் மேல் இருக்கும் பெயரைப் பார்த்து அந்தந்தப் போர்ஷனில் கொடுப்பார். எழுத்துப் புரியாவிட்டாலோ, பெயர் பழக்கமில்லாவிட்டாலோ யோசிக்கவே மாட்டார். வாசலை ஒட்டிய முதல் போர்ஷன் ஜன்னலில் சொருகிவிட்டுப் போய்விடுவார். முதல் போர்ஷன் எங்களுடையது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா காபி குடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போர்ஷன் போர்ஷனாகப் போவார். சம்பளம் இல்லாத தபால் உத்தியோகம்!

இண்டர்நெட்டில் ஆரம்பத்தில் இந்த ஒண்டுக்குடித்தன வசதி கிடையாது. பிரவுசர் போய்க் கதவைத் தட்டும். 'முதல் பக்கத்தைக் கொடு' என்று கேட்கும். யாருடைய முதல் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தனிக் கதவு நம்பர் வேண்டியிருந்தது. அந்த நம்பர்களோ மொத்தமே சுமார் 429 கோடிதான். கோடிக்கணக்கில் வெப்சைட், அதற்கு மேல் கோடிக்கணக்கில் கம்ப்யூட்டர், எங்கே போவது? 1997-ல் வந்த எச்.டி.டி.பி. 1.1 என்கிற விதியில், 'நான் இன்னாரைப் பார்க்க வந்திருக்கிறேன்' என்று பிரவுசர் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த ஒரு வரிக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். அது இருப்பதால் ஒரே கதவு நம்பரில் ஆயிரம் வெப்சைட் குடியிருக்கலாம். நல்ல காரியம் செய்தார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கிடங்கில் அந்த நம்பர்கள் சுத்தமாகத் தீர்ந்தே போய்விட்டன.

ஆக, என் சர்வரில் இரண்டு போர்ஷன். ஒன்றில் அப்பா. இன்னொன்றில் முறுக்கு.

என் கம்ப்யூட்டரில் தங்கையின் விலாசத்தை அடித்தேன். முறுக்கு ஜம்மென்று வந்தது.

"இங்கே நல்லாத்தாம்மா வருது" என்றேன்.

"அங்கே வந்து என்ன அண்ணா? மாவு இங்கேல்ல இருக்கு!"

பெங்களூர்க்காரனைப் பிடித்தேன். "உன் தங்கச்சி பிரவுசர்ல பழசு ஏதாவது தங்கியிருக்கும். ஹிஸ்டரியை அழிக்கச் சொல்லு" என்றான். அழித்தாள். மாப்பிள்ளை வேலைக்கு மனுப்போடப் பார்த்து வைத்திருந்த பக்கங்கள் எல்லாம் போயின. அப்பா போகவில்லை.

"அப்ப பெயரிலிருந்து நம்பர் கண்டுபிடிக்கிற இடத்துல தப்பு இருக்கலாம். பிங் அடி" என்றான். அடித்தேன். தங்கை வெப்சைட்டுக்கும் அப்பா வெப்சைட்டுக்கும் ஒரே நம்பர் வந்தது. அதுதான் என் சர்வர். ஆக, தெரு சரி, கதவு நம்பர் சரி. உள்ளே வந்த பிறகுதான் போர்ஷன் மாறுகிறது.

"கான்ஃபிக் டெஸ்ட் போடு."

போட்டேன். 'சின்டாக்ஸ் ஓகே' என்று சொல்லிவிட்டது அப்பாச்சி. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பி.காம். புத்தி விழித்துக்கொண்டது. டிரயல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், அர்த்தமில்லை என்று. எழுதியதைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறாய் என்றுதான் அர்த்தம். எழுதாமலே விட்ட பதிவை டிரயல் பேலன்ஸ் காட்டிக் கொடுக்காது. 'எரர் ஆஃப் ஒமிஷன்' என்று அதற்குப் பெயர்கூட உண்டு. பரீட்சையில் ஐந்து மார்க்.

எதை எழுதாமல் விட்டேன்?

மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் தங்கை இரண்டு தரம் போன் செய்தாள். இரண்டாவது தரம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா எந்த போட்டோ அண்ணா அது? பேனாவைப் பாக்கெட்ல சொருகிண்டு... என்கிட்ட அந்தப் படமே இல்லையே" என்றாள். பின்னால் வாணலிச் சத்தம் இல்லை. அது எனக்கு உறைத்தது.

"ஒரு கட்டளை சொல்றேன். இதை முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றான் நண்பன் சாயங்காலம் நாலு மணிக்கு. (முதலிலேயே சொன்னால் அவன் சாஃப்ட்வேர்காரன் இல்லையே!) அப்பாச்சி கன்ட்ரோல் என்று அடித்து, ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் பெரிய எஸ் எழுத்து. அடித்தேன். ஸ்டோரில் யார் யார் எந்தப் போர்ஷனில் என்று பட்டியல் வந்தது. படிக்கச் சொன்னான்.

"முதல் வரியில டீஃபால்ட் சர்வர்னு போட்டு அப்பா பேர் இருக்கு."

"அங்கேதான் விஷயம். வர்றவன் சொல்ற பேர் பட்டியல்ல இல்லேன்னா, அப்படி யாரும் இல்லேன்னு அப்பாச்சி சொல்லாது. முதல்ல இருக்கிற வீட்டைக் காட்டிடும்."

"அப்பா எப்படிடா முதல்ல வந்தாரு?"

"ஃபைலுங்களை அகரவரிசையிலதான் படிக்கும். அப்பாங்கிற ஃபைல் 'ஏ'யில ஆரம்பிக்குது. முறுக்கு 'எம்'. அதுக்குத்தான் மூணு சைபர் போட்டு ஒரு டீஃபால்ட் ஃபைல் தானாவே இருக்கும். சைபர் எழுத்துக்கெல்லாம் முன்னாடி வந்து நிக்கும். அது எங்கே?"

அது எங்கே என்று எனக்குத் தெரியும். தங்கையின் கடையை வைத்த அன்று, 'இது எதற்கு வெட்டியாக' என்று நான்தான் எடுத்துவிட்டேன். வாட்ச்மேன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான் என்று வேலையை விட்டு அனுப்பிய மாதிரி.

"சரி, மேலே படி."

"அப்பா பேருக்குக் கீழே ஏலியாஸ்னு போட்டு, முன்னாடி மூணு டபிள்யூ வச்சு அதே பேர் இன்னொரு தரம் இருக்கு."

"உன் தங்கச்சிக்கு?"

தங்கை பெயர் மட்டும் இருந்தது. கீழே ஏலியாஸ் இல்லை.

ஏலியாஸ்! தமிழில் 'என்கிற'. கல்யாணப் பத்திரிகையிலும் போலீஸ் ரிப்போர்ட்டிலும் அடைப்புக்குறிக்குள் 'எ' என்று போடுவார்களே, அது. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு சர்வர் மறந்து ஸ்டோர் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஸ்டோர் மொட்டை மாடி ரூமில் ஒரு பையன் தங்கியிருந்தான். எல்லோருக்கும் அவன் பாபு. வாசல் தெளிக்கிற ஆயாவிலிருந்து வீட்டுக்காரர் வரை பாபு. ஒருநாள் சர்டிபிகேட்டில் இருக்கிற மாதிரி நீளமான பெயர் போட்டு ஒரு கவர் வந்தது. தபால்காரருக்குத் தெரியவில்லை. எங்கள் ஜன்னலில் சொருகிவிட்டார். அப்பா எட்டு போர்ஷனிலும் விசாரித்தார். அப்படி யாரும் இல்லை என்றார்கள். மாடிக்குப் போய்க் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மாடியில் இருப்பவன்தான் பாபு ஆயிற்றே! நாலு நாள் ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு, 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அது பேங்க் இண்டர்வியூ கார்டு. தேதி போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் பாபு, "பரவாயில்லை சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் சொன்னான். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பலகையும் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்டும் வாங்கி வந்தார். ஸ்டோரில் இருக்கும் அத்தனை பேரையும் உட்கார்த்தி வைத்து, "சர்டிபிகேட்ல என்ன பேரு? வீட்டுல என்ன கூப்பிடுவாங்க? ஊருல என்ன கூப்பிடுவாங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பலகை முழுக்க 'எ', 'எ', 'எ'. ஐந்தாம் போர்ஷன்காரருக்கு மட்டும் மூன்று பெயர். அதில் ஒன்று அவர் மனைவிக்கே அன்றுதான் தெரிந்தது என்று நாலு நாள் ஸ்டோரில் பேச்சு.

"டேய், லைன்ல இருக்கியா?" என்றான் நண்பன்.

தங்கைக்குப் போன் போட்டேன். "நீ என்ன அடிச்சே? எழுத்தெழுத்தாச் சொல்லு."

"பெட்டியில போட்டிருக்கிற மாதிரிதான். டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ..."

"மூணு டபிள்யூவை யாரு போடச் சொன்னது?"

"பிரஸ்காரர்தான். 'டபிள்யூ இல்லாம வெப்சைட்டாம்மா?'ன்னு அவரே சேர்த்து அடிச்சுட்டாரு. ஐந்நூறு லேபிள்."

பிரஸ்காரரைக் குறை சொல்லி என்ன? ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் அடிப்பார்கள். சோம்பேறியான நான் எப்போதும் டபிள்யூ இல்லாமலே அடிப்பேன். அதனால் எனக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. மனுஷனுக்கு இரண்டும் ஒன்று. மிஷினுக்கு அது வேறு ஆள், இது வேறு ஆள். அப்பா ஃபைலில் நண்பன் அந்த ஏலியாஸ் வரியை ஒழுங்காக எழுதியிருந்தான். நான் அதைக் காப்பியடித்துத் தங்கைக்கு ஃபைல் செய்யும்போது, அந்த வரியில் அப்பா பெயர் இருப்பதைப் பார்த்து, 'இது இவளுக்கு எதற்கு?' என்று அழித்திருக்கிறேன். மாற்ற வேண்டியதை அழித்தேன். எரர் ஆஃப் ஒமிஷன். ஐந்து மார்க் இல்லை, நூற்றிருபது பெட்டி.

வரியைச் சேர்த்தேன். தங்கையைப் பார்க்கச் சொன்னேன்.

"அப்பாதான் வர்றாரு."

மறுபடி சரிபார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. "இப்ப?" "அப்பா." பத்து நிமிஷம் கழித்து, "இப்ப?" "அப்பாதான் அண்ணா." அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு நண்பன் சாவதானமாகக் கேட்டான்: "ரீலோட் பண்ணினியோ?"

பண்ணவில்லை. ஃபைலில் எழுதினால் போதாதாம். 'திருத்தியிருக்கிறேன், எடுத்துப் படி' என்று அப்பாச்சியிடம் தனியாகச் சொல்ல வேண்டுமாம். நியாயம்தானே? அப்பாகூடப் பலகையை எழுதி முடித்து, பெயின்ட் காயட்டும் என்று இரண்டு நாள் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தார். வாசலில் மாட்டிய பிறகுதானே தபால்காரருக்கு உபயோகம்?

ரீலோட் செய்தேன். "முறுக்கு!" என்று கத்தினாள் தங்கை.

இந்த இடத்தில், செகரட்டரியின் மனைவி மனம் மாறி நூற்றிருபது பெட்டியும் திரும்ப வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. தங்கை போன் செய்து விவரம் சொன்னாள். அந்த அம்மாள் ரொம்ப வருத்தப்பட்டார். ஆனால் அதற்குள் பெரிய கடை ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. தங்கை விடவில்லை. மறுநாள் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவிலிருந்து ஆரம்பித்து, வீடு வீடாகத் தட்டில் சாம்பிள் கொண்டு போனாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை பெட்டி சுமந்தார். நானும் சுமந்தேன். செய்த பாவத்துக்குக் கூலி. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. கடைசிப் பெட்டி சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குப் போயிற்று. வளையல் பொங்கலுக்கு முன்னால் கைக்கு வந்தது.

எல்லாம் முடிந்து நண்பன் ஒரு புத்திமதி சொன்னான். "அந்த மூணு சைபர் ஃபைலைத் திரும்ப வை. இனிமே வழி தவறி வர்றவங்க அப்பா வீட்டுக்குள்ள போயிடக் கூடாது. 'அப்படி ஒரு பக்கம் இல்லை'ன்னு சொல்லிட்டா போதும். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

சரி என்று உட்கார்ந்தேன். 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று அடித்தேன். கவர் மேல் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ராத்திரி சாப்பிடாமல் படுத்திருந்தவர் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

'நீங்கள் தேடி வந்த பெயர் எங்களுக்குப் புரியவில்லை. முறுக்கு வாங்க வந்திருந்தால் இந்தப் பக்கம் போகவும். முதல் போர்ஷன்காரரைத் தெரிந்து வந்திருந்தால் அந்தப் பக்கம். இரண்டும் இல்லையென்றால் கீழே உள்ள நம்பருக்குப் போன் செய்யவும். விசாரித்துச் சொல்கிறோம்.'

நண்பன் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த வாசலுக்கு வருவதில் முக்கால்வாசி மனுஷர்களே இல்லையாம். எந்த வீட்டில் பூட்டு லூசாக இருக்கிறது என்று ராத்திரி பகலாகக் கதவைத் தள்ளிப் பார்க்கும் ரோபோ புரோகிராம்களாம். சர்வரின் குறிப்பேட்டைத் திறந்து காட்டினான். உண்மைதான்.

இருக்கட்டும். அவற்றில் ஒன்றுக்காவது முறுக்கு வேண்டியிருக்காதா?